நெல்லையில் காலேஜ் சேர்ந்தாச்சு, என்.சி.சி.யில் சேர்வது எப்படி? முதல் வாரத்திலிருந்து சி சான்றிதழ் வரை

முதல் வருஷ வகுப்பு தொடங்கி இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, காக்கி போட்ட ஒரு சீனியர் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். “என்.சி.சி.யில சேர விருப்பம் இருக்கிறவங்க நாளைக்குக் காலைல ஆறரை மணிக்கு கிரவுண்டுக்கு வாங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படையில் சேர்வதற்கான அறிவிப்பு அவ்வளவுதான். அன்றைக்கு லீவு போட்டவனுக்கு, கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவனுக்கு, பஸ் பாஸ் வாங்க வரிசையில் நின்றவனுக்கு விஷயமே தெரியாது. மூன்றாம் வருஷம் போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பம் போடும்போதுதான் “என்.சி.சி. சான்றிதழ் உண்டா?” என்ற கட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

நான் பாளையங்கோட்டையில் படித்தவன், மூன்று வருஷம் காக்கி போட்டவன். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிக்குமேல், மூன்று வருஷப் பயிற்சிக்குப் பிறகு தேர்வெழுதி வாங்கும் சி சான்றிதழை வாங்கவில்லை. அவர்களில் ஓட முடியாமல் போனவன் யாரும் கிடையாது. வருகை குறைந்து போனவன், முகாமுக்குப் போகாமல் விட்டவன், தாளில் பெயர் மாறிப் போனவன், இப்படித்தான் போனார்கள். அதனால் ஓட்டத்தையும் தண்டாலையும்விடத் தாளையும் கணக்கையும் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும்.

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி

பெற்றோர் சம்மதக் கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டியதும் எங்கள் அம்மா கேட்டது: “எய்யா, இதுல கையெழுத்து போட்டுட்டா பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிருவாவளாமே, நெசமா?”

நிஜமில்லை. என்.சி.சி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. அதில் சேர்ந்த மாணவருக்கு ராணுவத்தில் பணியாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று வருஷம் முடித்துவிட்டு வங்கிக்குப் போகலாம், வாத்தியாராகலாம், அப்பா கடையில் உட்காரலாம், யாரும் தேடி வரமாட்டார்கள். இதை வீட்டில் நிதானமாகச் சொல்லிப் புரியவைத்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். நண்பனை விட்டு அப்பா கையெழுத்தைப் போடவைத்துவிட்டு, முகாமுக்குப் போகும் அன்று வீட்டில் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் இருப்பது ஜூனியர் பிரிவு, அதில் கிடைப்பது ஏ சான்றிதழ். கல்லூரியில் இருப்பது சீனியர் பிரிவு. ஆண்களுக்கு சீனியர் டிவிஷன், பெண்களுக்கு சீனியர் விங் என்று பெயர், பயிற்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டாம் வருஷ முடிவில் பி, மூன்றாம் வருஷத்தில் சி. பள்ளியில் என்.சி.சி.யில் இல்லாதவர்களும் கல்லூரியில் தாராளமாகச் சேரலாம். வயது 26-க்குள் இருக்க வேண்டும்.

தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று மூன்று பிரிவு உண்டு. எதில் சேருவது என்பது உங்கள் ஆசையைவிடக் கல்லூரிக்கு எது ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் பக்கம் பெரும்பாலும் தரைப்படைப் பிரிவுதான். கடலே கண்ணில் படாத விஜயநாராயணத்தில் 1990-லிருந்து ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் இருக்கிறதே, அதனால் நெல்லைக் கல்லூரிகளில் கடற்படைப் பிரிவு இருக்கும் என்று என் நண்பன் ஒருவன் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சேரும் முன்னால் விசாரிக்க வேண்டியவை

எல்லாக் கல்லூரியிலும் என்.சி.சி. கிடையாது. பாளையங்கோட்டை, பேட்டை பக்கத்துப் பழைய கல்லூரிகள் பலவற்றில் வெகுகாலமாக நடக்கிறது. புதிதாக வந்த சில கல்லூரிகளில் அறிவிப்புப் பலகையில் மட்டும் இருக்கும். “என்.சி.சி. சார் யாரு?” என்று அலுவலகத்தில் கேளுங்கள். அவர் உங்கள் கல்லூரியிலேயே பாடம் நடத்தும் ஆசிரியராக இருப்பார், அதற்கென்று தனிப் பயிற்சி எடுத்து வந்தவர், தாள்களில் ஏ.என்.ஓ. என்று போடுவார்கள். அவருக்கு மேலே பட்டாலியன், அதாவது பல கல்லூரிகளின் என்.சி.சி.யைச் சேர்த்துக் கவனிக்கும் யூனிட். திருநெல்வேலியில் 5-வது தமிழ்நாடு பட்டாலியன் இருக்கிறது, அது பல பட்டாலியன்களுக்கு மேலே இருக்கும் மதுரை குரூப்பின்கீழ் வருகிறது. உங்கள் படிவம், வருகை, சான்றிதழ் எல்லாம் போய்ச் சேரும் இடம் பட்டாலியன் அலுவலகம் என்பதால், உங்கள் கல்லூரி எந்த யூனிட்டின்கீழ் வருகிறது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பஸ். சிரிக்காதீர்கள், இது பெரிய விஷயம். பரேடு காலை ஆறரைக்கு என்றால், களக்காட்டிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ வருகிறவன் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் செட்டில் நாங்குநேரி பக்கத்துப் பையன் ஒருவன் முந்தின நாள் ராத்திரியே ஹாஸ்டலில் நண்பன் அறைக்கு வந்து தரையில் படுத்துக்கொள்வான், மூன்று வருஷமும் அப்படித்தான். முதல் பஸ் எத்தனை மணிக்கு, அது வராவிட்டால் என்ன செய்வது, ஊருக்குள் யார் வீட்டில் தங்கலாம், இதையெல்லாம் சேருவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

மூன்றாவது, வருஷக் கணக்கு. சி சான்றிதழுக்கு மூன்று வருஷப் பயிற்சி வேண்டும். மூன்று வருஷப் பட்டப்படிப்பில் இருக்கிறவர்கள் முதல் வருஷம் விட்டால் பி-யோடு நின்றுவிட வேண்டியதுதான். பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வருஷம் கூடுதலாக இருக்கிறது, அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். நாலாம் வருஷத்தில் புராஜெக்ட்டும் கேம்பஸ் இன்டர்வியூவும் வந்துவிடும்.

தாள்கள்

இப்போது பதிவு ஆன்லைனில். அதன் பிறகு அச்செடுத்த படிவம், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்லூரி சேர்க்கை அத்தாட்சி, புகைப்படம், மருத்துவச் சான்று, பெற்றோர் சம்மதம், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. சீருடைக்கான பணம் பெரும்பாலும் நேரடியாக உங்கள் கணக்குக்கு வரும் என்பதால் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கி அதன் பிறகு தொடாமல் விட்ட கணக்காக இருந்தால் வங்கிக்குப் போய் முதலில் அதை எழுப்புங்கள்.

இனி இன்ஷியல் கதை. நம்மூரில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இன்ஷியல். பத்தாம் வகுப்புப் பட்டியலில் அது பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் முழுப் பெயரே நம் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வடக்கே போட்ட படிவங்களில் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். நான் என்ன செய்தேன், முதல் கட்டத்தில் இன்ஷியலைப் போட்டேன், கடைசிக் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன், நடுவில் அப்பா பெயரை முழுசாக எழுதினேன். நிரப்பிக் கொடுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து பி சான்றிதழ் வந்தபோது அதில் இருந்த ஆள் எங்கள் அப்பா மாதிரியும் இருந்தார், என்னை மாதிரியும் இருந்தார். அதைத் திருத்த நான் அலைந்த அலைச்சல் ஐந்து மாதம். கடிதம், பிரமாணப் பத்திரம், முதல்வர் கையெழுத்து, மறுபடியும் கடிதம்.

ஆகவே ஒரே விதி: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள், இ-சேவை மையத்துக்கு ஒருமுறை நடந்தால் போதும். பிறந்த தேதிக்கும் இதே விதி. கொடுத்த எல்லாத் தாளையும் கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு எண் வந்ததும் அதை அம்மாவுக்கும் அனுப்பிவிடுங்கள், போன் தொலைந்தாலும் எண் இருக்கும்.

தேர்வு நாள்

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், உண்மையில் சுலபமானதும் இதுதான். உயரம், எடை பார்ப்பார்கள். ஓட விடுவார்கள், தூரம் யூனிட்டுக்கு யூனிட் மாறும். தண்டால், சிட்-அப். சில இடங்களில் சின்ன எழுத்துத் தேர்வு. கடைசியில் நேர்காணல் என்ற பெயரில் ஐந்து நிமிஷப் பேச்சு.

மூன்று வாரம் பழகினால் போதும். அண்ணா ஸ்டேடியம் பக்கத்தில் இருந்தால் அங்கே, ஊரில் இருந்தால் குளத்தங்கரையில். காலை ஏழு மணிக்கு மேல் பாளை வெயிலில் ஓடி யாரும் சாதித்ததில்லை, விடியும்போதே முடித்துவிடுங்கள். முதல் வாரம் நிற்காமல் பத்து நிமிஷம் ஓடினால் போதும், வேகம் வேண்டாம். தேர்வு அன்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஆனால் அஞ்சு இட்லியும் வடையும் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். ஒரு வாழைப்பழம் போதும். புதுக் கேன்வாஸ் ஷூவை அன்றுதான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வரும் ஆள் எல்லா வருஷமும் ஒருவன் இருப்பான், முதல் சுற்றிலேயே நொண்டுவான்.

நேர்காணலில் “ஏன் சேர விரும்புகிறாய்?” என்று கேட்பார்கள். “நாட்டுக்குச் சேவை” என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தால் எதிரில் இருக்கிறவர் கொட்டாவி விடுவார். போலீஸ் வேலைக்கு உதவும் என்று நினைத்து வந்திருந்தால் அதையே சொல்லுங்கள். எங்கள் செட்டில் ஒருத்தி, “எங்க ஊர்ல இருந்து யாரும் டெல்லி பார்த்ததில்ல சார், நான் பார்க்கணும்” என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

இடம் குறைவு. சீனியர் டிவிஷனில் ஒரு கம்பெனிக்கு, அதாவது பட்டாலியனுக்குள் இருக்கும் ஒரு அணிக்கு, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 160 பேர்தான், அதில் முதல் வருஷத்துக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு. முழுக் கம்பெனி இல்லாத கல்லூரிகளில் இன்னும் குறைவு. கிடைக்கவில்லை என்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு ஒரு மாதம் பரேடு மைதானத்தின் ஓரத்தில் போய் நில்லுங்கள். முதல் மாதத்தில் கட்டாயம் நாலைந்து பேர் கழன்றுகொள்வார்கள். நின்றவனைத்தான் கூப்பிடுவார்கள்.

முதல் பரேடும் இந்தியும்

பயிற்சி கொடுக்க ராணுவத்திலிருந்தே ஹவில்தார், சுபேதார் வருவார்கள், பி.ஐ. ஸ்டாஃப் என்று சொல்வோம். எங்களுக்கு வந்தவர் வடக்கத்திக்காரர், தமிழில் அவருக்குத் தெரிந்தது “சாப்டாச்சா”, “வேகமா”, “வெயில்” என்ற மூன்று சொல்தான். கட்டளை எல்லாம் இந்தி. முதல் நாள் “பாயேன் முட்” என்றதும் பாதிப் பேர் இடப்பக்கமும் மீதிப் பேர் வலப்பக்கமும் திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1968 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் ஒரு பகுதி. நான் பரேடில் நின்ற மூன்று வருஷமும் கேட்டது இந்திதான். உங்களுக்கு அரசியல் கருத்து எதுவாக இருந்தாலும் சரி, பத்துப் பன்னிரண்டு சொல் தெரிந்தால் மைதானத்தில் பிழைத்துக்கொள்ளலாம். சாவ்தான் என்றால் குதிகால் சேர்த்து, பாதம் 30 டிகிரி விரித்து, கையை மடக்கி, கட்டைவிரலைக் கால்சட்டைத் தையலோடு ஒட்டிவைத்து நிமிர்ந்து நிற்பது. விஷ்ராம் என்றால் இடதுகாலை 12 அங்குலம் தள்ளிவைத்துக் கையைப் பின்னால் கட்டுவது. தாஹினே முட் வலம், பாயேன் முட் இடம், பீச்சே முட் பின்னால். தேஜ் சல் நட, தம் நில். கதம் தால் என்றால் நின்ற இடத்திலேயே நடை. ஒரு அடி 30 அங்குலம், நிமிஷத்துக்கு 120 அடி. வீட்டில் மொட்டைமாடியில் போன் மெட்ரோனோமை 120-இல் வைத்து நடந்து பாருங்கள், அண்ணன் தம்பி சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சீருடையில் கஷ்டப்படுத்துவது பூட்ஸ். வந்த அன்றே பாலிஷ் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். ராத்திரி குதிகால் பக்கத்துத் தோலில் உள்ளும் புறமும் தேங்காய் எண்ணெய் தடவிவைத்து, மறுநாளிலிருந்து இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அரைமணி நேரம் நடங்கள், பத்து நாள் இப்படிச் செய்தால் தோல் இளகிக் காலோடு பேசும். செய்யாதவனுக்கு முதல் பரேடிலேயே குதிகாலில் எலுமிச்சம்பழ அளவு கொப்பளம். பாலிஷுக்குத் துணி வேண்டாம், பஞ்சு. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பாலிஷைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, முனையில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். முதல் இருபது நிமிஷம் ஒன்றும் நடக்காது, மங்கலாகத்தான் இருக்கும், கை வலிக்கும். திடீரென்று ஒரு நொடியில் டியூப்லைட் அதில் தெரியும். பெல்ட்டின் பித்தளைக்கு பிராஸோ. காக்கிக்குக் கஞ்சி போட்டு அயன். சிவப்பு இறகு வைத்த தொப்பியை ஈரத்தோடு தலையில் வைத்து அமுக்கிக் காயவிட்டால்தான் உருவத்துக்கு வரும். இல்லாவிட்டால் பணியாரம் வைத்த மாதிரி நிற்கும்.

தப்பு செய்தால் ரகடா உண்டு. ரகடா என்றால் தண்டனை ஓட்டம், தவளைத் தாவல், இந்த மாதிரி. பி.ஐ. ஸ்டாஃப் மைதானத்தில் எல்லோர் முன்னாலும் கொடுப்பது ஒருவகை. சீனியர் ஹாஸ்டல் அறையில் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு “ட்ரில் சொல்லித்தாரேன்” என்பது வேறு வகை, அதற்குப் பெயர் ராகிங். தமிழ்நாட்டில் 1997-லிருந்து அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாயை மூடி இருக்காதீர்கள், ஏ.என்.ஓ.விடம் போய்ச் சொல்லுங்கள்.

வருகைக் கணக்கு

75 சதவீதம். இதற்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கணக்கு பீரியடில் நடக்கும். சனிக்கிழமை காலை பரேடில் நாலு பீரியட் என்றால், அந்த ஒரு சனிக்கிழமை விட்டால் நாலும் போச்சு. ஆனித் தேரோட்டத்துக்கு ஒன்று, குற்றால சீசனுக்கு நண்பர்களோடு ஒன்று, அக்கா வளைகாப்புக்கு ஒன்று, காய்ச்சல் வந்து இரண்டு என்று ஐந்து சனிக்கிழமை விட்டவன் இருபது பீரியடை விட்டிருப்பான், அவனுக்கே தெரியாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு நீங்களே எழுதிவையுங்கள், பதிவேட்டில் எடுப்பவரும் மனிதர்தான், அவருக்கும் கை தவறும். மாதம் ஒருமுறை ஏ.என்.ஓ. அறையில் பதிவேட்டைப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசியில் போய் “சார், நான் வந்தேன் சார்” என்று நின்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. உள்மதிப்பீட்டுத் தேர்வும் பரேடும் ஒரே நாளில் வந்தால் முன்கூட்டியே இரண்டு பக்கமும் எழுத்தில் கொடுங்கள். பரேடுக்குப் போன நேரத்துக்கு வகுப்பு வருகை தருவது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், சேரும்போதே கேளுங்கள். 2021-லிருந்து என்.சி.சி.யை கிரெடிட் உள்ள விருப்பப் பாடமாக வைக்க யு.ஜி.சி. வழிசெய்திருக்கிறது, உங்கள் பாடத்திட்டத்தில் அது இருக்கிறதா என்றும் கூடவே கேட்டுவையுங்கள்.

பத்து நாள் முகாம்

பி தேர்வுக்கு ஒரு முகாமாவது போயிருக்க வேண்டும், சி-க்கு இன்னொன்று. இரண்டாம் வருஷத்திலேயே ஒன்றை முடிப்பது நல்லது, முதல் வருஷத்தில் வாய்ப்பு வந்தால் இன்னும் நல்லது. ஏதாவது ஒரு கல்லூரி வளாகத்தில் பல கல்லூரி, பள்ளிப் பிள்ளைகள் நானூறு ஐநூறு பேரைச் சேர்த்துப் பத்து நாள் நடத்துவார்கள். காலை ஐந்து மணிக்கு விசில். பி.டி., டிபன், ட்ரில், ஆயுதப் பயிற்சி, வரைபடம், சாப்பாடு, விளையாட்டு, ரோல் கால், தூக்கம். போன் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: வாளி, மக், தட்டு, டம்ளர், பூட்டு, டார்ச், கொசுவலை, இரண்டு போர்வை, வெள்ளை பி.டி. உடை, கேன்வாஸ் ஷூ, செருப்பு, ஊசி நூல், கூடுதலாக ஆறு சட்டைப் பட்டன். வாளியில் பெயிண்டால் பெயர் எழுதுங்கள், மார்க்கர் இரண்டாவது நாளே அழிந்துவிடும். ஆற்றில் இறங்கி முங்கிக் குளித்தே பழகிய நமக்கு, விடிகாலை நாலரை மணிக்கு ஒரு குழாய்க்கு முப்பது பேர் என்ற வரிசையில் வாளியோடு நிற்பதுதான் முகாமின் முதல் பாடம். வீட்டிலிருந்து கொடுத்துவிடும் முறுக்கையும் அதிரசத்தையும் முதல் ராத்திரியே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். ஒளித்து வைத்தால் எறும்பு வரும், அப்புறம் விசாரணை வரும். சப்பாத்தி கடினமாக இருக்கும், பருப்பு தண்ணியாக இருக்கும், மூன்றாவது நாளிலிருந்து இரண்டும் ருசிக்கும்.

ராத்திரி சென்ட்ரி டியூட்டி, அதாவது முறைவைத்துக் காவல் நிற்பது, எல்லோருக்கும் வரும். முதல் ஷிப்டும் கடைசி ஷிப்டும் தேவலை, நடு ஜாமம்தான் கொடுமை. மாற்றிக்கொள்ளக் கேட்காதீர்கள், கேட்டால் அதுவே உங்களுக்கு நிரந்தரமாகிவிடும்.

சுடும் நாள்தான் முகாமின் திருவிழா. பாயிண்ட் டூ டூ ரைஃபிள், ஆளுக்கு ஐந்து தோட்டா. குப்புறப் படுத்து, இடது முழங்கை மணலில் பதிய, கட்டையின் எண்ணெய் வாடையோடு கன்னத்தை அதில் ஒட்டவைத்தால் உலகமே அந்தக் குறிமுள் அளவுக்குச் சுருங்கிப் போகும். மூச்சை உள்ளே இழுத்துப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுக்காமல் மெதுவாக அமுக்க வேண்டும், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. வெடிக்கும் நொடி உங்களுக்கே தெரியாமல் வர வேண்டும். நான் முதல் தோட்டாவில் கண்ணை மூடிவிட்டேன், என் அட்டையில் நாலு ஓட்டைதான் இருந்தது, பக்கத்துப் பையன் அட்டையில் ஆறு. நடுவட்டத்தில் அடிப்பதைவிட ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதற்கு குரூப்பிங் என்று பெயர். குறி ஒரு பக்கம் தள்ளிப் போயிருந்தால் சரிசெய்துவிடலாம். சிதறிப் போனால் கை நடுங்குகிறது என்று அர்த்தம்.

டெல்லிக் குடியரசு தின முகாம், தரைப்படைப் பிரிவுக்கான தல் சைனிக் முகாம், மலையேற்றம், ராணுவ யூனிட்டில் தங்கிப் பழகும் முகாம் என்று இன்னும் நிறைய உண்டு. டெல்லிக்குப் போக ஒன்றன்பின் ஒன்றாகப் பல தேர்வு முகாம் தாண்ட வேண்டும், மாதக்கணக்கில் வகுப்புக்கு வர முடியாது, அரியர் விழும் அபாயம் உண்டு. ட்ரில்லில் உங்களைப் பார்த்துப் பி.ஐ. ஸ்டாஃப் தானாகக் கூப்பிட்டால் துணிந்து போங்கள். கூப்பிடவில்லை என்றால் ஆகஸ்ட் 15-க்கு வ.உ.சி. மைதானத்தில் நடக்கும் அணிவகுப்பில் இடம் பிடிக்கப் பாருங்கள், ஊர்க்காரர் எல்லாம் பார்ப்பார்கள், அது ஒன்றும் குறைந்ததில்லை.

பி, சி தேர்வு

எழுத்தும் செய்முறையும் உண்டு. ட்ரில், ஆயுதம், பொதுப் பாடங்கள், சிறப்புப் பாடம். பலரும் மதிப்பெண் விடுவது வரைபட வாசிப்பில், அதுவோ கொஞ்சம் பழகினால் முழு மதிப்பெண் தரக்கூடியது. வரைபடத்தில் ஓர் இடத்தைக் காட்டும் ஆறு இலக்கக் குறியீடு எழுதும்போது முதலில் இடமிருந்து வலமாகப் போகும் எண், அப்புறம்தான் கீழிருந்து மேலாகப் போகும் எண். வீட்டுக்குள்ளே நடந்து போய் அதன் பிறகு மாடிப்படி ஏறுகிற மாதிரி என்று நினைவில் வையுங்கள். பின்திசைக் கோணத்துக்கு, அதாவது நேர் எதிர்த்திசையின் கோணத்துக்கு, கொடுத்த கோணம் 180-க்குக் குறைவாக இருந்தால் 180-ஐக் கூட்டுங்கள், அதிகமாக இருந்தால் கழியுங்கள். 60 என்றால் 240, 250 என்றால் 70. இது ஏதாவது ஒரு வடிவில் கட்டாயம் வரும்.

சி-யில் கிரேடு முக்கியம். ஏ அல்லது பி கிரேடுக்குக் குறி வையுங்கள், காரணம் அடுத்த பகுதியில்.

இதை வைத்து என்ன செய்யலாம்

மத்திய ஆயுதப்படைகளின் கான்ஸ்டபிள் தேர்வில், அதாவது எஸ்.எஸ்.சி. ஜி.டி.யில், மொத்த மதிப்பெண்ணில் சி-க்கு 5 சதவீதம், பி-க்கு 3, ஏ-க்கு 2 என்று கூடுதல் மதிப்பெண் உண்டு. அரை மதிப்பெண்ணில் வேலை போகும் தேர்வு அது. தமிழ்நாடு போலீஸ் தேர்விலும் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு, அக்னிவீருக்கும் உண்டு.

பலருக்கும் தெரியாதது என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி. தரைப்படையில் அதிகாரியாகப் போவதற்கு, மற்றவர்கள் எழுத வேண்டிய சி.டி.எஸ். எழுத்துத் தேர்வை எழுதாமலே நேராக எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குப் போகலாம். வயது 19 முதல் 25, பட்டப்படிப்பில் 50 சதவீதம், சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடு. ஆண், பெண் இருவருக்கும் உண்டு, வருஷத்துக்கு இரண்டு முறை அறிவிப்பு வரும். நேர்காணல் ஐந்து நாள். முதல் நாள் வடிகட்டலிலேயே பெரும்பாலானவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்வானால் சென்னைப் பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி, முடித்தால் லெப்டினன்ட். ஆனால் ராணுவத்துக்கான மருத்துவப் பரிசோதனை மிகக் கடுமையானது, என்.சி.சி.யில் எடுத்துக்கொண்டார்கள் என்பதால் அங்கேயும் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். தட்டைப் பாதம், முட்டி தட்டுவது, கண்பார்வை இவற்றை முதல் வருஷத்திலேயே ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காட்டித் தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற வேண்டியதில்லை.

கடைசி வருஷம், கடைசி வேலை

கல்லூரி முடித்து டி.சி. வாங்கும் அவசரத்தில் சீருடை, பெல்ட், பேட்ஜ் எதெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். சி சான்றிதழ் வர மாதங்கள் ஆகும், அதற்குள் நீங்கள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பீர்கள். ஜூனியர் ஒருவன் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள், அவன் சொல்லுவான். வந்ததும் ஆளை விட்டு வாங்கிவரச் சொல்லாமல் நீங்களே போங்கள். மேஜைக்கு முன்னால் நின்றபடியே பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பதிவு எண், கிரேடு ஐந்தையும் பத்தாம் வகுப்புப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பதிவேட்டில் கையெழுத்து அதற்கப்புறம். லேமினேட் செய்ய வேண்டாம், முத்திரை சரிபார்க்க வேண்டி வந்தால் பிரிக்க முடியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, அம்மா நகை வைத்திருக்கும் பீரோவில் வையுங்கள்.